பக்கத்தில் ஒருவர் நிற்க

பரங்கிமலைக்குத் தெற்கே பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம், வண்டலூர் என்று நீளும் சென்னைப் புறநகரில் வடகிழக்குப் பருவமழை இரண்டு பயங்களைச் சேர்த்தே கொண்டுவருகிறது. ஒன்று வெள்ளம், இன்னொன்று பாம்பு. வயலும் புதரும் ஏரிக்கரையும் இருந்த இடத்தில் மனை பிரித்து வீடு கட்டிக்கொண்டோம். பொந்தில் தண்ணீர் புகுந்ததும் பாம்பு மேட்டைத் தேடி நம் வாசற்படிக்கு வருகிறது. அப்படி வருவதில் சாரையும் தண்ணீர்ப்பாம்பும் நிறைய. இரண்டுக்கும் விஷம் கிடையாது. ஆனாலும் அடித்துவிடுகிறோம். அடித்த பிறகு பயம் குறைகிறதா என்றால், அதுவும் இல்லை. அடுத்த மழைக்கு அது புதிதாக வந்து நிற்கிறது.

பயத்தை நேருக்கு நேர் சந்தித்தால் தன்னம்பிக்கை வளரும் என்று எல்லோரும் சொல்கிறோம். எப்படிச் சந்திப்பது, யாரோடு சந்திப்பது, எந்தப் பயத்தைச் சந்திக்கவே கூடாது என்ற கேள்விகளை அநேகமாக யாரும் கேட்பதில்லை. இவற்றுக்குச் சென்ற நூறாண்டுகளில் உளவியல் கண்ட விடைகள் உண்டு. நம் ஊரில் நடந்தவற்றிலும் விடைகள் உண்டு. இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போது எனக்குத் தெளிவாகத் தெரிவது ஒன்றுதான்: தைரியம் வந்த பிறகு செயல் என்று காத்திருப்பவருக்குத் தைரியம் வருவதே இல்லை. செயல்தான் முதலில். அந்த முதல் செயலுக்குப் பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும்.

பாம்பிலிருந்தே தொடங்கலாம். கிண்டிப் பாம்புப் பண்ணை எல்லோருக்கும் தெரியும். 1972-இல் கிண்டிக்குப் போவதற்கு முன்பு ஊர்வன ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேகர் அதைத் தொடங்கியது தாம்பரத்தை ஒட்டிய சேலையூரில். அப்போது சேலையூர் ஒரு கிராமம். பாம்பு என்றாலே தடியைத் தேடிய மக்களிடம், கண்ணாடிக்குப் பின்னால் வைத்துக் காட்டி, கையில் எடுத்துக் காட்டி, இது விஷமுள்ளது, இது இல்லாதது என்று பிரித்துச் சொல்லித் தந்த இடம் அது. கிண்டிக்குப் போன பிறகு தலைமுறை தலைமுறையாகப் பள்ளிப் பிள்ளைகள் அங்கே அழைத்துச் செல்லப்பட்டார்கள். பாம்பின் தோல் வழவழவென்று ஈரமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு போன பிள்ளைகள், அது உலர்ந்தது என்று தெரிந்துகொண்டு திரும்பினார்கள்.

ஏறத்தாழ அதே காலத்தில், 1969-இல், அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆல்பர்ட் பாண்டுராவும் அவருடைய சகாக்களும் பாம்பென்றால் நடுங்குபவர்களை வைத்தே ஓர் ஆய்வு செய்தார்கள். ஒரு குழுவினர் உடலைத் தளர்த்திக்கொண்டு பாம்பை மனத்தில் கற்பனை செய்து பழகினார்கள். இன்னொரு குழுவினர் பிறர் பாம்பைக் கையாளும் படத்தைப் பார்த்தார்கள். மூன்றாவது குழுவுக்கு முன்னால் ஒருவர் நிஜப் பாம்பை எடுத்துக் காட்டினார். பிறகு அவர்களையும் அருகில் அழைத்து, முதலில் கையுறையோடும் பின்பு வெறுங்கையாலும் சிறிது சிறிதாகத் தொடவைத்தார். நான்காவது குழுவுக்கு எதுவும் செய்யவில்லை. அந்த மூன்றாவது குழுவில் கிட்டத்தட்ட எல்லோருமே பயத்தைக் கடந்தார்கள். பார்த்தல், உடன் செய்தல், பிறகு தானாகச் செய்தல் என்ற வரிசை கற்பனையையும் படத்தையும்விட வலுவானது என்று உறுதியாயிற்று.

இந்த வழியிலேயே மேலும் சென்று 1977-இல் பாண்டுரா தன்திறன் நம்பிக்கை என்ற கருத்தை முன்வைத்தார். ஒரு காரியத்தை என்னால் செய்ய முடியும் என்ற எண்ணம் நான்கு ஊற்றுகளிலிருந்து வருகிறது என்றார். தானே செய்து முடித்த அனுபவம், தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பது, பிறர் சொல்லும் ஊக்கம், அந்த நேரத்தில் உடல் இருக்கும் நிலை. இவற்றில் மிக வலுவானது முதலாவது. நம் வீடுகளிலும் பள்ளிகளிலும் தன்னம்பிக்கைப் பேச்சாளர்களின் மேடைகளிலும் நாம் அதிகம் நம்பியிருப்பது மூன்றாவதை. கைதட்டல் ஓய்ந்ததும் அந்த ஊக்கமும் வடிந்துபோவதில் வியப்பில்லை.

இன்னும் பின்னால் போனால், 1924-இல் மேரி கவர் ஜோன்ஸ் என்ற இளம் உளவியலாளர் இதையே குழந்தைகளிடம் கண்டிருக்கிறார். பயத்தைப் போக்க வீடுகளில் வழக்கமாகச் செய்யும் முறைகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சோதித்தார். பயப்படும் பொருளை நெடுநாள் கண்ணில் காட்டாமல் இருந்து பார்த்தார். பேசிப் புரியவைத்துப் பார்த்தார். மற்றப் பிள்ளைகளின் கேலிக்கு விட்டும் கவனத்தை வேறு பக்கம் திருப்பியும் பார்த்தார். நம்பகமாகப் பலன் தந்தவை இரண்டே. பயப்படாத பிள்ளைகளோடு சேர்த்து விளையாட விடுவது ஒன்று. குழந்தைக்குப் பிடித்த தின்பண்டத்தைக் கொடுத்துக்கொண்டே, பயப்படும் பொருளைத் தொலைவிலிருந்து சிறிது சிறிதாக அருகே கொண்டுவருவது மற்றது. மூன்று வயதுகூட நிரம்பாத பீட்டர் என்ற சிறுவன் முயலைக் கண்டு அலறியவன். கூண்டு நாளுக்கு நாள் நெருங்கிவர, கடைசியில் முயலை வருடிக் கொடுத்தான். இடையில் அவன் காய்ச்சலில் படுத்து மருத்துவமனையிலிருந்து வெளியே வந்தபோது ஒரு நாய் மேலே பாய, போன பயம் திரும்பிவிட்டது. ஜோன்ஸ் அதற்காக அவனைத் திட்டவில்லை. மறுபடியும் தொலைவிலிருந்து தொடங்கினார்.

பலிக்கவில்லை என்று அவர் ஒதுக்கிய முறைகளைக் கவனியுங்கள். 'இதுக்குப் போயா பயப்படுற' என்ற அறிவுரை, 'பயந்தாங்கொள்ளி' என்ற பட்டப்பெயர், 'சரி, அந்தப் பக்கமே போகாதே' என்ற ஆறுதல். நூறு ஆண்டுகளாகியும் நம் கையில் இருப்பவை இவைதான். இதில் கேலியை நான் மன்னிக்கவே மாட்டேன். கேலி செய்யப்பட்ட பிள்ளைக்குப் பயம் குறைவதில்லை. பயத்தைச் சொல்லும் வாய்தான் மூடிக்கொள்கிறது.

'அந்தப் பக்கமே போகாதே' என்பது அன்பால் சொல்வது. ஆனால் பயத்துக்குச் சோறு போட்டு வளர்ப்பது அதுதான். தவிர்க்கும் ஒவ்வொரு முறையும் உடனே நிம்மதி கிடைக்கிறது. தவிர்த்ததால்தான் தப்பினோம் என்று உடல் அதை மனத்தில் எழுதிக்கொள்கிறது. அடுத்த முறை தவிர்ப்பது இன்னும் எளிதாகிவிடுகிறது, பயம் ஒருபடி பெரிதாகிறது. இதை 1940-களிலேயே மௌரர் என்ற அமெரிக்க உளவியலாளர் விளக்கிவிட்டார். மின்தூக்கியில் ஏறாதவர், புது எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் எடுக்காதவர், ஆசிரியர் கேள்வி கேட்டதும் மேசைக்கடியில் பேனாவைத் தேடுபவர் என எல்லோரிடமும் நடப்பது இதுதான். அரைகுறைத் தவிர்ப்பும் உண்டு. கூட்டத்துக்குப் போவார், ஆனால் கதவருகிலேயே உட்காருவார். பேசுவார், ஆனால் எழுதிவைத்த தாளிலிருந்து கண்ணை எடுக்க மாட்டார். அந்தத் தாள்தான் காப்பாற்றியது என்று அவர் நம்பிவிடுவதால், தன் குரல் தன்னைக் காப்பாற்றும் என்பது அவருக்குக் கடைசிவரை தெரியாமலே போகிறது.

படிப்படியாக ஏறுவதை ஒரு மருத்துவ முறையாக ஒழுங்குபடுத்தியவர் தென்னாப்பிரிக்காவின் ஜோசப் வோல்ப்பே. இரண்டாம் உலகப் போரில் நிலைகுலைந்த படைவீரர்களுக்கு மருத்துவம் பார்த்தவர் அவர். 1958-இல் வெளியான அவருடைய நூலுக்குப் பிறகு, பயங்களைப் பட்டியலிட்டு, 0 முதல் 100 வரை மதிப்பெண் போட்டு, கீழிருந்து தொடங்கும் வழக்கம் பரவியது. இன்றும் மனநல மருத்துவமனைகளில் ஏதேனும் ஒரு வடிவில் இதுவே நடக்கிறது. ஆனால் பின்னால் வந்த ஆய்வுகள் ஒரு முக்கியமான திருத்தம் சொல்கின்றன. பழைய பயம் அழிந்துபோவதில்லை. அதற்குப் பக்கத்தில் ஒரு புதிய பாடம் உருவாகிறது. 'நினைத்தது நடக்கவில்லை' என்பதே அந்தப் பாடம். எந்த இடத்தில் கற்றோமோ அந்த இடத்தோடு அது ஒட்டிக்கொண்டும் விடுகிறது. அதனால்தான் தன் வகுப்பில் தடங்கலின்றிப் பேசும் மாணவி, சிறுசேரியில் ஒரு நிறுவனத்தின் குளிரூட்டிய அறைக்குள் நுழைந்ததும் உறைந்துபோகிறார். அவருக்குத் திறமை போதாது என்று அர்த்தமில்லை. பயிற்சி ஒரே அறையில் நடந்துவிட்டது. வேறு வேறு இடம், வேறு வேறு ஆட்கள், வேறு வேறு நேரம் என்று மாற்றி மாற்றிப் பழகினால்தான் புதுப் பாடம் வேர்பிடிக்கும்.

படிப்படியாக ஏறுவதை நம் கிணறுகளும் அறிந்திருந்தன. பிள்ளைக்கு நீச்சல் கற்பித்த விதங்கள் இரண்டு. இடுப்பில் சுரைக்குடுக்கையைக் கட்டி, அப்பாவோ மாமாவோ தண்ணீருக்குள் நின்று கையைப் பிடித்து, பிறகு கையை எடுத்து, பிறகு குடுக்கையை அவிழ்ப்பது ஒரு விதம். மேட்டிலிருந்து தள்ளிவிடுவது இன்னொரு விதம். தள்ளிவிடப்பட்டு நீச்சல் கற்றவர்கள் அதைப் பெருமையாகச் சொல்வார்கள். அன்றோடு தண்ணீர்ப் பக்கம் போகாதவர்கள் அதைப் பற்றிப் பேசுவதில்லை. ஆகவே தள்ளிவிடுவது நல்ல முறை என்ற எண்ணம் நிலைத்துவிட்டது. ஒருவரைத் திடீரென்று மேடையில் ஏற்றி 'பேசு' என்பதும் இதே வகைதான். சிலர் மிதப்பார்கள். மற்றவர்களைப் பற்றி நாம் கேள்விப்படுவதில்லை.

தள்ளிவிடாமல் கற்பிக்கும் இடமும் நம் பக்கத்திலேயே உண்டு. தாம்பரம் விமானப்படைத் தளத்தில் 1950-களிலிருந்து இயங்கிவருகிறது விமானப் பயிற்றுநர் பள்ளி. ஏற்கெனவே பறக்கத் தெரிந்த விமானிகள், பறக்கக் கற்பிப்பது எப்படி என்று கற்கும் இடம் அது. பயிற்சி விமானத்தில் கட்டுப்பாட்டுக் கருவிகள் இரட்டையாக இருக்கும். மாணவர் தவறினால் பயிற்றுநர் உடனே வாங்கிக்கொள்ளலாம். எப்போது வாங்காமல் இருக்க வேண்டும் என்று தெரிந்தவர்தான் நல்ல பயிற்றுநர். மாணவர் தனியாகப் பறக்கும் நாள் வருவது, பக்கத்தில் ஒருவரோடு பல மணி நேரம் பறந்த பிறகே. சேலையூர்ப் பக்கத்து மொட்டை மாடியிலிருந்து அந்தப் பயிற்சி விமானங்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் பலர். உள்ளே நடக்கும் அந்தக் கைமாற்றம்தான் பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் வேண்டிய பாடம் என்று நினைக்கிறேன்.

இனி, சந்திக்கக் கூடாத பயங்கள். அஞ்ச வேண்டியதற்கு அஞ்சாதிருப்பது பேதைமை, அஞ்சுவதே அறிவுடையோர் செயல் என்று வள்ளுவர் அறிவுடைமை அதிகாரத்தில் சொல்லிவிட்டார். துணிவைப் பற்றிப் பேசுபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். நம் புறநகர் ரயில் நிலையங்களில் நடைமேம்பாலம் இருக்கத் தண்டவாளத்தில் இறங்கிக் கடக்கும் ஒருவருக்குப் பயம் போய்விட்டது உண்மை. பலமுறை கடந்தும் ஒன்றும் ஆகாததால் போய்விட்டது. பயத்தைப் போக்கும் அதே பயிற்சி இங்கே உயிரைக் குடிக்கும் வழியாகிறது.

பாம்பிலும் அப்படியே. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் சுமார் 12 லட்சம் பேர் இறந்தார்கள் என்று 2020-இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கும் அஞ்ச வேண்டியவை. செங்கல்பட்டு மாவட்டத்து இருளர்கள் இந்த நான்கையும் பிடிப்பவர்கள். பாம்புத்தோல் வணிகம் சட்டப்படி நின்றுபோய்ப் பிழைப்பை இழந்த அவர்களுக்காக 1978-இல் உருவான கூட்டுறவுச் சங்கம், வடநெம்மேலியில் விஷம் எடுத்து, முறிமருந்து தயாரிக்கக் கொடுத்துவருகிறது. அவர்களில் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. இருளர்களின் துணிவு சாகசம் அல்ல. எதற்கு எவ்வளவு தூரத்தில் நிற்க வேண்டும், எதன் வாலைப் பிடிக்கலாம், எதை விட்டுவிட வேண்டும் என்று பெற்றோரோடு காட்டுக்குப் போய்ப் பழகிய அறிவு. விஷமற்ற வெள்ளிக்கோல் வரையனையும் கட்டுவிரியனையும் பிரித்தறியத் தெரிந்தவர்களிடம் அச்சம் ஒழிந்துவிடவில்லை. அளவாகியிருக்கிறது, அவ்வளவுதான்.

வெள்ளத்துக்கு வருவோம். 2015 டிசம்பர் 1-2 தேதிகளில் 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பெய்த மழை 49 செ.மீ. அடையாறு கரைமீற, முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. மாடியில் நின்று படகுக்காகக் காத்திருந்தவர்களுக்கு இன்றும் இரவில் மழைச்சத்தம் கேட்டால் தூக்கம் வருவதில்லை. 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களை வரிசையாகக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். சிலர் சிரித்தார்கள். அதில் சிரிக்க என்ன இருக்கிறது? இது நடந்ததை நினைவில் வைத்திருக்கும் அறிவு. இந்தப் பயத்துக்கு மருந்து மனநலப் பயிற்சியில் இல்லை. கால்வாயிலும், ஆக்கிரமிப்பற்ற ஏரியிலும், நம்பத்தகுந்த முன்னறிவிப்பிலும் இருக்கிறது. செம்பரம்பாக்கம் ஏரியின் முழு நீர்மட்டம் 24 அடி என்பதும் இன்றைய மட்டம் என்ன என்பதும் தெரிந்த குடும்பம், வதந்தியை மட்டும் கேட்கும் குடும்பத்தைவிட நன்றாகத் தூங்குகிறது. முதல்மாடிக்கு ஏற்ற வேண்டியவற்றின் பட்டியல், பத்திரங்கள் வைக்க ஒரு பை, தெருவில் தனியாக இருக்கும் முதியவர் வீட்டுக்கு யார் போவது என்ற முடிவு ஆகியவை செப்டம்பரிலேயே தயாராகிவிட்டால், பயம் வேலையாக மாறிவிடுகிறது. நாமாக மாற்ற முடியாத பகுதிக்கு மாநகராட்சியும் அரசும் பொறுப்பு. அதைக் கேட்டு வாங்குவதற்கும் ஒரு தைரியம் வேண்டும்.

தென் சென்னைப் புறநகரில் மிகப் பலரை வாட்டும் பயம் இவை இரண்டும் அல்ல. வாயைத் திறக்கும் பயம். தாம்பரத்திலிருந்து மறைமலைநகர் வரையும், வண்டலூர்–கேளம்பாக்கம் சாலையிலும் ராஜீவ் காந்தி சாலையிலும் எத்தனையோ கல்லூரிகள். அவற்றில் படிப்பவர்களில் பலர் திருவண்ணாமலையிலிருந்தும் கள்ளக்குறிச்சியிலிருந்தும் தென் மாவட்டங்களிலிருந்தும் தமிழ்வழியில் படித்து வந்தவர்கள், குடும்பத்தில் முதல் பட்டதாரிகள். எழுத்துத் தேர்வில் தேறி, குழு விவாதத்தில் வாய் பேசாமல் உட்கார்ந்து வெளியே வருகிறார்கள். தொல்காப்பியம் மெய்ப்பாட்டியலில் அச்சம் பிறக்கும் இடங்களாக நான்கைச் சொல்கிறது. கண்ணுக்குத் தெரியாத சக்தி, விலங்கு, திருடர், நான்காவதாக அரசன். நேர்முகத் தேர்வு அறையில் மாணவர் காண்பது அந்த நான்காவதை. தன் வாழ்வைத் தீர்மானிக்கும் அதிகாரம் மேசைக்கு அந்தப் பக்கம், தனக்குச் சரளமில்லாத மொழியில் உட்கார்ந்திருக்கிறது. இதை வெறும் கூச்சம் என்று சொல்வது அநியாயம்.

திருக்குறளில் அவையஞ்சாமைக்கென்றே ஓர் அதிகாரம் இருக்கிறது, 73-ஆவது. அவையில் அஞ்சாமல் மறுமொழி சொல்வதற்காகவே முறையாகக் கற்க வேண்டும் என்று அதில் வள்ளுவர் வழி காட்டுகிறார். ஜோன்ஸ் தன் ஆய்வை வெளியிட்ட அதே 1924-இல் கலிஃபோர்னியாவின் சாண்டா ஆனா நகரில் ரால்ஃப் ஸ்மெட்லி தொடங்கியது டோஸ்ட்மாஸ்டர்ஸ் மன்றம். சிறு குழு, ஒவ்வொருவருக்கும் ஒரு பொறுப்பு, சில நிமிடப் பேச்சு, கனிவான மதிப்பீடு, அடுத்த வாரம் மறுபடியும். வேறெந்த வித்தையும் அதில் இல்லை. இன்று சென்னையிலும் இத்தகைய மன்றங்கள் கூடுகின்றன. 2022 மார்ச்சில் தமிழக அரசு தொடங்கிய நான் முதல்வன் திட்டமும் ஆங்கிலப் பேச்சையும் நேர்முகத் தயாரிப்பையும் பாடத்தோடு சேர்த்திருக்கிறது. நல்ல தொடக்கம். ஆனால் 60 பேர் வகுப்பில் ஒருவர் பேச 59 பேர் கேட்பது பயிற்சியாகாது.

பலர் சேர்ந்து பயத்தைக் கடந்ததற்குத் தமிழ்நாட்டில் மிகச் சிறந்த சான்று புதுக்கோட்டை. 1990-களின் தொடக்கத்தில் மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் முன்னின்று நடத்திய அறிவொளி இயக்கத்தில், எழுதப் படிக்கக் கற்ற கிராமப் பெண்கள் மிதிவண்டியும் ஓட்டக் கற்றார்கள். ஒன்றரை ஆண்டுகளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதினார். அவர்கள் பயந்தது கீழே விழுவதற்கு மட்டுமல்ல, ஊர் வாய்க்கும்தான். தனியாக ஒரு பெண் ஓட்டியிருந்தால் பேசித் தீர்த்திருப்பார்கள். நூறு பேர் சேர்ந்து ஓட்டியபோது பேச்சு அடங்கிவிட்டது. இன்று தாம்பரத்தில் ஞாயிறு காலைகளில் காலி மனைகளில் ஸ்கூட்டி பழகும் நடுவயதுப் பெண்களைப் பார்க்கிறேன். பின்னால் ஓடிவருவது பெரும்பாலும் மகளோ பக்கத்து வீட்டு அக்காவோதான். ஜிஎஸ்டி சாலையில் லாரிகளுக்கு நடுவே போகும் முன்பு உள்தெருக்களில் சில வாரம் ஓட்டச் சொல்கிறார்கள். எந்தப் பாடப் புத்தகமும் படிக்காமல் வோல்ப்பேயின் ஏணியைச் சரியாக அமைத்துவிடுகிறார்கள்.

ஒரு சமூகமே பயந்து விலகிய இடமும் இங்கேதான் இருக்கிறது. 1928-இல் மருத்துவர் சௌரி முத்து காசநோயாளிகளுக்காகத் தாம்பரத்தில் தொடங்கிய சானடோரியம், பின்பு அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையாயிற்று. 1990-களில் வேறெங்கும் சேர்த்துக்கொள்ளப்படாத எச்ஐவி நோயாளிகள் அங்கே வந்தார்கள். தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்று ஊர் நம்பிய காலத்தில் அங்கிருந்த மருத்துவர்களும் செவிலியர்களும் தொட்டுப் பார்த்தார்கள். 2004 ஏப்ரல் 1 அன்று நாட்டில் எச்ஐவிக்கான இலவசக் கூட்டுமருந்து முதலில் தொடங்கப்பட்ட எட்டு அரசு மருத்துவமனைகளில் அதுவும் ஒன்று. மருந்து உயிரைக் காப்பாற்றியது. நோயாளியின் கையைப் பிடித்துப் பேசும் செவிலியரை நேரில் பார்த்த உறவினருக்கு, எந்தச் சுவரொட்டியும் தராத பாடம் கிடைத்தது.

எல்லாப் பயத்தையும் வீட்டிலேயே சரிசெய்துவிட முடியாது. வாரக்கணக்கில் தூக்கம் போகும் பயம், வெளியே போகவிடாமல் தடுக்கும் பயம், மூச்சு முட்டி நெஞ்சு படபடத்துச் செத்துவிடுவோம் என்று தோன்றும் பீதி, வன்முறையோ விபத்தோ விட்டுச்சென்ற நினைவுகள் ஆகியவற்றுக்குப் பயிற்சி பெற்றவர் வேண்டும். பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16-இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, பதற்றம், மனச்சோர்வு போன்ற பரவலான கோளாறுகள் உள்ளவர்களில் 80 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் சிகிச்சை பெறவில்லை. டெலி மனாஸ் என்ற அரசு உதவி எண் 14416. கட்டணமில்லை, தமிழில் பேசலாம், எந்த நேரமும் அழைக்கலாம். அழைக்கவே கூச்சமாக இருந்தால், அந்த முதல் அழைப்பின்போது ஒருவர் பக்கத்தில் உட்காரலாம்.

கல்லூரி நிர்வாகங்களிடம் ஒன்று கேட்கிறேன். வளாக நேர்காணல் வரும் கடைசி ஆண்டில் அவசரமாக மாதிரி நேர்முகம் நடத்துவதை முதலாண்டுக்குக் கொண்டுவாருங்கள். பத்துப் பேர் கொண்ட குழுக்கள் போதும், வாரம் ஒருமுறை போதும். முதல் பருவம் தமிழில் பேசட்டும், அடுத்த பருவம் கலந்து பேசட்டும், ஆங்கிலம் பிறகு வரட்டும். அறையை மாற்றுங்கள், கேட்பவர்களை மாற்றுங்கள். சென்ற ஆண்டு இதே இடத்தில் திக்கி நின்று, இந்த ஆண்டு பேசும் இரண்டாமாண்டு மாணவரை ஒவ்வொரு குழுவிலும் உட்காரவையுங்கள். இதற்குப் புதுக் கட்டடமோ நிதியோ தேவையில்லை. வரும் கல்வியாண்டிலேயே தொடங்கலாம்.